முதல் வரி நலம்

ஜனவரி 9

அன்புள்ள பாட்டிக்கு,

சுண்டு எழுதறேன். நான் நலம். உங்க முழங்கால் எப்படி இருக்கு, ராத்திரி தூங்க விடுதா? காது மெஷினை மறுபடியும் டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. போடுங்க பாட்டி. நான் போன்ல தொண்டை கிழியக் கத்தறேன், நீங்க "யாரு, பால்காரனா?"ன்னு கேட்டுட்டு வச்சிடறீங்க.

அதுக்குத்தான் ஒரு வழி பண்ணப் போறேன். நான் என்ன வேலை பாக்கறேன்னு அடிக்கடி கேப்பீங்களே. போன்லயும் கம்ப்யூட்டர்லயும் தெரியற பெட்டிகளைச் செய்யற வேலை. ரியாக்ட்னு ஒரு முறை. ஒவ்வொரு பெட்டியையும் தனியா செஞ்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கறோம். பெட்டிக்கு ஒரு ஞாபகம் உண்டு, அதுக்கு ஸ்டேட்னு பேரு. அந்த ஞாபகம் மாறினா போதும், திரையில எழுத்து தானா மாறிடும். யாரும் அழிச்சு எழுத வேண்டாம்.

அதே மாதிரி நம்ம குடும்பத்துக்கு ஒரு பலகை, சுவத்துல மாட்டற திரை. எல்லாரும் வரிசையா இருப்போம். நான் என் போன்ல 'உடம்பு சரியில்லை'ன்னு அமுக்கினா, உங்க வீட்டுச் சுவத்துல என் பேருக்கு எதிரே அது சிவப்பா வந்து நிக்கும். 'நலம்'னு அமுக்கினா பச்சை. ரெண்டு வரி எழுதியும் அனுப்பலாம். காது வேண்டாம், கண்ணு போதும்.

இன்னொண்ணு. கோவிச்சுக்காதீங்க. போன மாசம் ஆபீஸ் வேலையா வெளியூர் போனப்ப உங்க தங்கச்சி வீட்ல ஒரு ராத்திரி தங்கினேன். சின்னப் பாட்டிக்கு அப்படியே உங்க மூக்கு. அவங்க மருமகதான் பாத்துக்கறாங்க. சாப்பிடறப்ப திரும்பத் திரும்பக் கேட்டாங்க, "அக்கா என்னைப் பத்தி ஏதாவது சொல்வாளா?"ன்னு. "நிறைய சொல்வாங்க"ன்னேன். என்ன சொல்வீங்கன்னு சொல்லல. அவங்களையும் பலகையில சேக்கட்டுமா?

உங்க செல்லம்
சுண்டு

ஜனவரி 21

சுண்டுவுக்குப் பாட்டி எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் நலமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா, அதை முதலில் எழுது.

மெஷினைக் காதில் மாட்டினால் உங்கம்மா பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அதற்கு டப்பாவே மேல். பெட்டிக்கெல்லாம் ஞாபகம் உண்டு என்கிறாய். உங்கப்பனுக்கும் ஒன்று செய்து மாட்டிவிடு, புண்ணியமாகப் போகும்.

அவளைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நான் மறக்கிறவள் இல்லை, மறுபடியும் சொல்கிறேன். எங்கம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கூட இருந்தவள் அவள். நான் உங்கப்பனை வயிற்றில் சுமந்துகொண்டு வெகுதூரத்தில் இருந்தேன். கடிதம் போட்டாள். முதல் வரி, "இங்கு நானும் அம்மாவும் நலம்." மீதி பூராவும் ஜாக்கெட் தைக்கிற கதை. பின்கழுத்தை எப்படி வெட்டுவது என்று கேட்டிருந்தாள். நலம்தானே என்று நானும் நிதானமாக உட்கார்ந்து, கழுத்துக்குப் படம் போட்டுப் பதில் எழுதினேன். அந்தப் பதில் போய்ச் சேருவதற்குள் அம்மா போய்விட்டாள். நான் போய் இறங்கியபோது கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "இனிமே இவ பேச்சு என்கிட்ட வரக்கூடாது. இவ செத்தாக்கூட எனக்கு யாரும் சொல்லக்கூடாது." இன்றைக்கும் அதே பேச்சுதான்.

பலகையில் வேண்டுமானால் போடு. இருக்கிறாளா என்று பார்க்க மட்டும். அவள் எழுதுவது ஒரு எழுத்துக்கூட என்னிடம் வரக்கூடாது. பேரும் போடாதே. 'அவள்' என்று போடு, எனக்குப் புரியும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

மறக்காத பாட்டி

பிப்ரவரி 8

அன்புள்ள பாட்டி,

நான் நலம், இருமல் போயே போச்சு. நீங்க மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடறீங்களா, பின்னாடியா? முன்னாடி போடணும்.

பலகை பார்சல்ல வருது. ஜன்னல் பக்கத்துச் சுவத்துல அப்பாவை மாட்டச் சொல்லுங்க. ஆணி கோணலா அடிச்சார்னா எனக்குப் போட்டோ அனுப்பச் சொல்லுங்க, சிரிக்கணும்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன், இல்லாட்டி நீங்க விட மாட்டீங்க. எல்லாரோட ஞாபகமும் மேல ஒரே இடத்துல இருக்கு. அங்கேருந்து கீழ இருக்கற பெட்டிகளுக்குச் செய்தி தண்ணி மாதிரி இறங்கும். ஆனா கீழ இருக்கற பெட்டி தானா மேல பேச முடியாது. மேல இருக்கறவங்க முன்கூட்டியே ஒரு கயிறு கொடுத்திருக்கணும். அதை இழுத்தாத்தான் மேல மணி அடிக்கும்.

எல்லாருக்கும் கயிறு கொடுத்திருக்கேன். சின்னப் பாட்டிக்கு மட்டும், நீங்க சொன்னபடி, கொடுக்கல. அவங்க போன்லயும் இதே பெட்டிதான் இருக்கு. எழுதலாம், 'அனுப்பு'ன்னு அமுக்கலாம், அமுக்கினதும் எழுத்து மறைஞ்சு பெட்டி காலியாகும். ஆனா எங்கயும் போகாது. இதை அவங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. போன்ல எப்படி அமுக்கறதுன்னு மட்டும் அவங்க மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு வச்சிட்டேன்.

முத்தங்களோட
சுண்டு

மார்ச் 2

சுண்டு, பாட்டியின் ஆசிகள். நலம்தான், நேற்று மட்டும் லேசாக மூச்சு வாங்கியது, மாடிப்படி ஏறினேன், என் தப்பு. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பலகை வந்தது. உங்கப்பன் கோணலாகத்தான் மாட்டியிருக்கிறான். நான் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அத்தை காலையில் 'உடம்பு சரியில்லை' என்கிறாள், மத்தியானம் 'வெளியே போயிருக்கேன்' என்கிறாள். கடைத்தெருவுக்குப் போனால் தீருகிற நோய் அவளுக்கு மட்டும்தான் வருகிறது. உங்கப்பன் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு 'நலம்' என்று அனுப்புகிறான். எழுந்து வந்து சொன்னால் என்ன, கால் தேய்ந்தா போகும்?

'அவள்' என்பதற்கு எதிரே பச்சையில் நலம் என்று இருக்கிறது. இருக்கட்டும். அதைப் பார்ப்பதற்காக ஒன்றும் நான் அங்கே நாற்காலியைப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த இடத்தில்தான் வெளிச்சம் நன்றாக வருகிறது, கீரை ஆயத் தோதாக இருக்கிறது.

அவள் ஏதாவது எழுதினால் உனக்காவது வருமா? சும்மாதான் கேட்கிறேன்.

பாட்டி

ஏப்ரல் 6

அன்புள்ள பாட்டிக்கு,

லேட்டாயிடுச்சு, திட்டாதீங்க. நான் நலம். மூச்சு வாங்கறதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா? "என் தப்பு"ன்னு நீங்களே வைத்தியம் பாத்துக்காதீங்க.

இங்க வேலை பெண்டு நிமித்துது. ஹால்ல எல்லாரும் வரிசையா உக்காந்திருக்கோம், ஏசி எலும்பு வரைக்கும் குத்துது, நான் துப்பட்டாவைத் தலையோட போத்திக்கிட்டு டைப் பண்றேன். அதுல ஒரு கூத்து. மருந்து வைக்கற குளிர் அறைகளைக் கண்காணிக்க ஒரு திரை செஞ்சேன். அறைக்கு ஒரு பெட்டி, சூடு ஏறினா சிவப்பாகணும். ஒரு அறையில வயர் கழண்டு போய் செய்தியே வரல. மருந்தெல்லாம் வெந்து போச்சு. என் பெட்டி மட்டும் 'எல்லாம் சரி'ன்னு பச்சையா சிரிச்சுட்டு இருந்துது. எங்க டீம்ல மூத்தவரை நாங்க பெரியவர்னு கூப்பிடுவோம். அவர் என் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நின்னார்.

"இந்த 'எல்லாம் சரி'யை யாரும்மா அனுப்பினது?"

"யாரும் அனுப்பல சார். முதல்ல நானா வச்சது. காலியா விட்டா பாக்க நல்லா இல்லை."

"செய்தியே வராத பெட்டி எப்படி சரின்னு சொல்லும்? 'இன்னும் தெரியல'ன்னுதான் சொல்லணும். பாக்க அழகா இருக்கறதுக்கு இது என்ன கல்யாண மண்டபமா?"

ஹாலே சிரிச்சுது. அப்ப உங்க ஞாபகம்தான் வந்துது. கடிதாசின்னா முதல் வரியில நலம்னு கை தானா போயிடும்ல, அந்த மாதிரிதான் போட்டுத் தொலைச்சிருக்கேன்.

சின்னப் பாட்டி எழுதினா எனக்கும் வராது பாட்டி. ரெண்டு தடவை அவங்க வீட்லேருந்து போன் வந்துது, மீட்டிங்ல இருந்தேன். கூப்பிடணும்.

சுண்டு

ஏப்ரல் 17

சுண்டுவுக்கு,

நலம். டாக்டரிடம் போனேன், மாத்திரையை மாற்றியிருக்கிறார். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஆபீஸ் கதையைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் பலகையைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தப் பலகையில் எல்லோருக்கும் எழுத்து மாறுகிறது. உனக்கு மாறுகிறது. உன் அத்தைக்கு வேளைக்கொன்று மாறுகிறது. அவளுக்கு மட்டும் மாட்டிய நாளிலிருந்து ஒரே நலம். பனி விழுந்தால் மூக்கை உறிஞ்சுவாள், வெயில் அடித்தால் தலையைப் பிடித்துக்கொள்வாள், சின்ன வயதிலேயே இருமி இருமி என்னைத் தூங்க விடாதவள். அவள் இத்தனை நாள் நலமா? உலகத்தில் எவள் இப்படி நலமாக இருப்பாள்?

அந்த நலத்தை அவள் அமுக்கினாளா, நீ வைத்ததா?

பதில் எழுதுகிறதுக்கு முன்னால் அவளுக்கு அந்தக் கயிற்றைக் கொடுத்துவிடு. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நான் பதில் போடுவேன் என்றும் அவளிடம் சொல்லாதே. நலமோ, இல்லையோ, அவள் கையால் வரட்டும். அவ்வளவுதான்.

பாட்டி

மே 11

சுண்டு,

இங்கே நலம். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பலகையில் உன் பேருக்கு எதிரே 'வேலையாக இருக்கேன்' என்றே நிற்கிறது. ஒரு மனுஷிக்கு இத்தனை நாளா வேலை?

உங்கப்பன் போன வாரம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு விடிகிறதுக்கு முன்னால் வெளியூர் கிளம்பினான். நல்லது கெட்டதுக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். ஆபீஸ் வேலைக்கு வெள்ளைச் சட்டையா என்று கேட்டேன். எனக்குத்தான் காது கேட்காது, அவனுக்கு என்ன வந்தது, கேட்காதது போலப் போய்விட்டான். திரும்பி வந்தவன் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை. உங்கம்மா என் தட்டில் நான் கேட்காமலே இன்னொரு கரண்டி போடுகிறாள். இந்த வீட்டில் அப்படியெல்லாம் நடக்காது.

பலகை பச்சையாகத்தான் இருக்கிறது. நான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுது.

பாட்டி

மே 20

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலம். இங்க வேலை நல்லா போகுது. என்கூட இருக்கற பொண்ணும் நலம். புது மாத்திரை ஒத்துக்குதா? வெயில்ல வெளியில போகாதீங்க.

நீங்க சொன்னபடி கயிற்றைக் கொடுத்துட்டேன். உங்க கடிதாசி கிடைச்ச அன்னிக்கே.

அடுத்த மாசம் லீவு கிடைச்சா வரேன்.

சுண்டு

மே 28

சுண்டு,

கடிதத்துக்கு ஒரு நலம் போதும். நீ ஊருக்கே எழுதியிருக்கிறாய், நான் கேட்டவளை மட்டும் விட்டுவிட்டாய்.

அவள் இருக்கிறாளா?

ஒரு சொல் எழுதினால் போதும். பொய் எழுதினால் எனக்குத் தெரியும்.

பாட்டி

ஜூன் 9

பாட்டி,

இல்லை.

போன மாச ஆரம்பத்துல. அப்பா போயிட்டு வந்தார். உங்ககிட்ட சொல்லவேண்டாம்னு அப்பாதான் சொன்னார். "அம்மா அன்னிக்கே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. இப்ப மூச்சு வேற வாங்குது"ன்னார். நானும் சரின்னுட்டேன். பலகையில இருந்த நலத்தை எடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு அப்படியே விட்டுட்டேன். அதையும் நான்தான் செஞ்சேன்.

நீங்க கேட்டது சரி. அந்த நலத்தை அவங்க அமுக்கல. முதல்லயே நான் வச்சது. அவங்க எழுதறது உங்களுக்கு வரக்கூடாதுன்னு கயிற்றைக் கொடுக்காம விட்டேன்ல, 'உடம்பு சரியில்லை'ங்கற செய்தியும் அதே கயித்துல வர்றதுதான். எழுத்து ஒண்ணைத்தான் நிறுத்தினேன்னு நினைச்சேன். ரெண்டும் நின்னு போச்சு. ஒரு விஷயத்தை ரெண்டு இடத்துல ஞாபகம் வச்சா, ஒருநாள் ரெண்டும் வேற வேற சொல்லும். எங்க வேலையில முதல்ல சொல்லிக் கொடுக்கற பாடம் அது. அவங்க போன்ல இருந்த பெட்டி அவங்க சொன்னதை ஞாபகம் வச்சுது. உங்க பலகை நான் சொன்னதை ஞாபகம் வச்சுது.

உங்க கடிதாசி வந்ததும் கயிற்றைக் கட்டிட்டு அவங்க வீட்டுக்குப் போன் பண்ணேன். ஆஸ்பத்திரியில நினைவில்லாம இருக்காங்கன்னு மருமக சொன்னாங்க. போன் வீட்டு அலமாரியில கிடந்துது.

இதையும் சொல்லிடறேன், நீங்க எப்படியும் கேப்பீங்க. பலகை மாட்டின கொஞ்ச நாள்லயே அவங்களுக்கு முடியாமப் போச்சு. தினமும் 'உடம்பு சரியில்லை'யை அமுக்குவாங்களாம். அவங்க திரையில சிவப்பா ஆகும். "இந்நேரம் அக்கா பாத்திருப்பா"ன்னு சொல்வாங்களாம். சாயங்காலம் கதவைத் தாழ்ப்பாள் போட விட மாட்டாங்களாம். "கோவக்காரி, கதவு சாத்தியிருந்தா தட்ட மாட்டா, திரும்பிப் போயிடுவா"ன்னு.

என்ன எழுதினாங்கன்னு கேட்டேன். மருமகளுக்குத் தெரியல. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையால மறைச்சுக்கிட்டு எழுதுவாங்களாம். அனுப்பினதும் பெட்டி காலியாயிடும். நான் செஞ்ச பெட்டிதான். எங்கயும் எடுத்து வைக்கல. எல்லா இடத்திலயும் தேடிப் பாத்துட்டேன் பாட்டி. ஒரு எழுத்துக்கூட இல்லை.

சுண்டு

ஜூன் 30

சுண்டு,

முதல் வரியை விட்டுவிட்டு எழுதுகிறேன். கை அங்கேதான் போயிற்று, பிடித்து நிறுத்தினேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. போய்விடும் என்று காத்திருக்காதே, என்னை உனக்குத் தெரியும். உங்கப்பனோடு நான் பேசுவதில்லை. காபி கொண்டுவந்து வைத்தால் எடுத்துக் குடிக்கிறேன், அதோடு சரி.

இந்த வீட்டில் நான் சொன்ன எதை யார் கேட்டீர்கள்? மாடிக்குத் தகரம் போடாதே, சூடு இறங்கும் என்றேன், போட்டான். உங்கம்மாவிடம் எண்ணெயைக் குறை என்றேன், குறைக்கவில்லை. உன்னை அவ்வளவு தூரம் வேலைக்குப் போகாதே என்றேன், போனாய். என் ஆயுசுக்கு நான் சொன்னதில் அந்த ஒரு சொல்லை மட்டும் குடும்பமே ஒன்றுகூடிக் காப்பாற்றியிருக்கிறது. ஒருத்தர், ஒரே ஒருத்தர் மீறியிருக்கக்கூடாதா?

வந்திருப்பேனா என்று கேட்பாய். தெரியாது. கோபத்தோடு போய் அவள் கட்டில் பக்கத்தில் நின்று திட்டியிருப்பேன். அவளும் இருமிக்கொண்டே திருப்பித் திட்டியிருப்பாள். சண்டை போடவாவது ஆள் வேண்டுமே.

எங்கள் இரண்டு பேருக்கும் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தது ஒரே டீச்சர். ஸ்கேலால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார், "முதல் வரி நலம். எழுதிட்டு அப்புறமா என்ன எழுதறதுன்னு யோசி." அந்த ஜாக்கெட் கடிதத்திலும் அவள் கை அப்படியே போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். கேட்பதற்கு ஆள் இல்லை. நான் போட்ட கழுத்துப் படம் கிடைத்ததா, தைத்தாளா என்றும் கேட்கவில்லை.

நீ அந்த வரிசையைப் பலகையிலிருந்து எடுத்துவிடப் பார்ப்பாய். எடுக்காதே. 'அவள்' என்பதை அழித்துவிட்டுத் தங்கச்சி என்று போடு. எதிரே இருக்கிற நலத்தை எடுத்துவிடு. உங்கள் ஆபீஸ் பெரியவர் சொன்னாரே, 'இன்னும் தெரியல' என்று, அதைப் போடு. கயிறு கட்டியது கட்டியபடியே இருக்கட்டும். யார் பாட்டி அதை இழுக்கப் போறாங்க என்று கேட்டு எழுதாதே.

நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது. வெளிச்சத்துக்காகத்தான். வெளிச்சம் போன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

பாட்டி